முடங்கிய கை நிமிர்ந்தது!

திரியாயில் வயல் உழுபவருக்குக் கையே முதல். அக்கை முடங்கினால் வீட்டில் அடுப்பும் அணைந்துவிடும்.

பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை என்றதும் நம்மிற் பலர் நடிகையரின் மூக்கையே நினைக்கின்றனர். 'உருவமைத்தல்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. தீயும் விபத்தும் நோயும் சிதைத்த உறுப்பைச் சீர்செய்வதே அதன் பெரும்பணி. அதை உலகுக்குக் காட்டிய ஊர்களுள் ஒன்று, தமிழகத்து வேலூர்.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேயரான டாக்டர் போல் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்திலே நோயாளி ஒருவரின் வளைந்த கையைப் பற்றினார். என்ன வியப்பு! அது இரும்புப்பிடியாயிருந்தது. முன்கைத் தசைகள் சாகவில்லை. முழங்கையருகே நரம்பு கெடுவதால், உள்ளங்கையின் சிறு தசைகள் மட்டுமே வலுவிழந்து, விரல்கள் கொக்கிபோல் வளைகின்றன. விரல்கள் தாமாக அழுகி விழுவதுமில்லை. உணர்ச்சியின்மையால் சூடும் வெட்டும் தெரியாது புண்பட்டுத் தேய்கின்றன.

ஆகவே, நலமான தசையொன்றின் நாணை விரல்களோடு பொருத்தும் சிகிச்சையை 1948இல் அவர் தொடங்கினார். பல வாரப் பயிற்சியின் பின் விரல்கள் நிமிர்ந்தன. உதிர்ந்த புருவத்துக்குத் தலைத்தோலிலிருந்து மயிருடன் தோல் எடுத்துப் பொருத்தினர். முகத்து வடு மறைந்தாலன்றி ஊரார் வேலை தருவாரோ?

ஆனால், கை நேரானவர்க்குப் பிச்சை குறைந்தது, தொழிலோ கிட்டவில்லை! அதனாலன்றோ வேலூரில் 'நவஜீவ நிலையம்' எழுந்து, தச்சுவேலையும் பொம்மை செய்தலும் கற்பித்தது.

மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவில் தொழுநோயாளரைப் பிரித்துவைத்த காலத்தை நம் கிழக்கிலங்கை அறியும். இன்று அச்சம் வேண்டாம். 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டுமருந்து இந்நோயைக் குணப்படுத்துகிறது. எனினும், காலந்தாழ்த்தியதால் வளைந்த விரலை மருந்து மட்டும் நிமிர்த்தாது; அதற்குச் சத்திரசிகிச்சை வேண்டும். பாதுகாப்பான சத்திரசிகிச்சை எட்டாதோர் உலகில் 500 கோடி பேர் என 2015இல் 'லான்செட்' ஆய்வுக்குழு கணித்தது.

தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தழும்பு கண்டால் உடனே வைத்தியரை நாடுங்கள். குணமடைந்து திரும்புபவரின் கையைத் தயங்காது பற்றுங்கள். வைத்தியர் நிமிர்த்திய கைக்கு வேலை கொடுப்பது ஊராரின் கடன்.