துப்பாக்கிக்கு வெந்நீர் ஸ்நானம்

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால் சமையலறையில் உப்பு ஜாடி என்ன பாடு படுகிறதென்பது நேயர்களுக்குத் தெரியும். மூடி வைத்த உப்பு தானாகவே கசிந்து நீர் கோத்துக்கொள்கிறது. அதன் பக்கத்தில் அரிவாள்மணையை வைத்துவிட்டால் மறுநாள் காலையில் செந்துரு படர்ந்திருக்கும். இவ்வளவு தெரிந்தவர்களுக்கு, ஒரு ராணுவத் துப்பாக்கியைச் சுட்ட பிறகு அதற்கு ஏன் வெந்நீர் விட வேண்டும் என்பதை விளக்குவது சிரமமே அல்ல. "இரும்பையாவது, தண்ணீர் விட்டுக் கழுவுவதாவது!" என்று சிலர் நகைக்கக்கூடும். நாமும் ஒரு காலத்தில் அப்படி நகைத்தவர்கள்தாம்.

கல்லூரியில் படித்த நாளில் நாம் தேசிய மாணவர் படையில் சேர்ந்திருந்தோம். கடற்கரையை அடுத்த ஓர் ஊரில் முகாம். எல்லோரும் 'திரீ நாட் திரீ' என்று அழைக்கும் லீ என்பீல்ட் துப்பாக்கியை நம்மிடம் கொடுத்து, ஆளுக்கு ஐந்து தோட்டா சுடச் சொன்னார்கள். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வெந்நீர் அண்டாவைச் சுற்றிப் பெருங்கூட்டம். பசி வேறு. காத்திருக்கப் பொறுமையின்றி, எண்ணெயில் தோய்த்த துணியை நாலு முறை குழலுக்குள் இழுத்தோம். உள்ளே பார்த்தால் கண்ணாடி போல் பளபளவென்றிருந்தது. திருப்தியோடு சாப்பிடப் போய்விட்டோம்.

மூன்றாம் நாள் காலையில் முகாமின் வயது முதிர்ந்த ஸுபேதார் நமது துப்பாக்கியை வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"ஏன் தம்பி, வெந்நீர் விட்டாயா?"

"எண்ணெய் நிறையப் போட்டிருக்கிறேன், ஸார்."

"எண்ணெயா? உப்பை எண்ணெயில் போட்டுக் கரைத்துப் பார்த்திருக்கிறாயா?"

நாம் பார்த்ததில்லை. அவர் காட்டிய இடத்தில், குழலின் உள்ளே, குங்குமத்தைத் தெளித்தாற்போல் சிவப்புப் பொட்டுக்கள் தெரிந்தன.

துப்பாக்கிக் குழலுக்குள் உப்பு எங்கிருந்து வந்தது? தோட்டாவின் அடிப்பக்கத்தில், நடு மத்தியில், சிறு பொத்தான் போன்ற ஒரு கேப் பொதிந்திருக்கிறது. விசையை இழுத்ததும் ஊசி அதைத்தான் குத்துகிறது. அதிலுள்ள பொறி மருந்து தெறித்துத் தோட்டாவின் வெடிமருந்தைப் பற்றவைக்கிறது. அந்தப் பொறி மருந்தில் பொட்டாசியம் குளோரேட் என்ற ஒரு சரக்கு உண்டு. பெயரைக் கண்டு மிரள வேண்டாம். சிவகாசித் தீக்குச்சியின் முனையில் இருப்பதும் அதுவேதான். அது எரிந்து தன்னிடமுள்ள பிராணவாயுவைக் கொடுத்துவிட்டால், எஞ்சி நிற்பது பொட்டாசியம் குளோரைட். நம் சாப்பாட்டு உப்புக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். ஒவ்வொரு வேட்டுக்கும் இந்த உப்பு, கண்ணுக்குத் தெரியாத தூளாகக் குழல் முழுவதும் படிந்துவிடுகிறது. காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொண்டதும் துரு தன் வேலையை ஆரம்பிக்கிறது. மேலே எண்ணெய் பூசினால், உப்பை மூடிப் பத்திரப்படுத்தியதாக ஆகுமேயன்றி, உப்பு போனதாக ஆகாது.

மாணவர் கவனக்குறைவால் நேர்ந்தது இது. ஆனால் கற்றறிந்த நிபுணர்களே இந்த விஷயத்தில் வெகு காலம் ஏமாந்திருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. பழைய கரிமருந்துக் காலத்தில் துப்பாக்கி சுட்டால் குழலெல்லாம் கருங்குழம்பாகிவிடும். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவியே தீர வேண்டும். அழுக்கோடு உப்பும் போய்விடும். திரீ நாட் திரீயும் 1888-இல் கரிமருந்தோடுதான் பிரிட்டிஷ் சேனைக்குள் வந்தது. சில ஆண்டுகளில் அந்த இடத்தைப் புகையில்லாத கார்டைட் பிடித்துக்கொண்டது. இடியாப்ப இழை போன்ற அந்த மருந்து, நமது நீலகிரியில் அருவங்காட்டிலும் தயாராயிற்று. 1903-இல் நிறுவப்பட்ட தொழிற்சாலை அது. 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தால் உரிமச் சீட்டின்றி ஒரு துப்பாக்கியைத் தொட முடியாதிருந்த ஜனங்களின் கைகளே அங்கே மருந்தைப் பிசைந்தன என்பதையும் இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை.

புது மருந்தில் கரி அதிகமில்லை. குழல் சுத்தமாகத் தோன்றியது. தண்ணீர் எதற்கு என்று பலர் விட்டுவிட்டார்கள். குழல்களோ முன்னைவிட மோசமாகத் துருப்பிடித்தன. துடைத்து வைத்தாலும் மறுநாள் சிவப்பு. எரிந்த மருந்தின் அமிலம் எஃகின் நுண்துளைகளுக்குள் புகுந்து, பிறகு வியர்வை போல் வெளிவருகிறது என்று ஒரு கதை கிளம்பிற்று. அதற்கென்று விதவிதமான எண்ணெய்களும் கடைக்கு வந்தன. 1922-இல் அமெரிக்கச் சுரங்க இலாகாவைச் சேர்ந்த வில்பர்ட் ஹஃப் என்பவர் வெளியிட்ட ஆராய்ச்சிதான் இந்த மயக்கத்தைத் தெளிவித்தது. எஃகுக்கு வியர்க்கவுமில்லை, வெடிமருந்து குற்றவாளியுமில்லை. கேப்பிலிருந்து வந்த உப்பே காரணம், அதைக் கரைக்கத் தண்ணீரே போதும் என்று அவர் காட்டினார்.

ஸுபேதார் இந்த ஆராய்ச்சியைப் படித்திருப்பாரோ என்னவோ, செய்முறையில் அவரிடம் பிழையில்லை. முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லையென்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி நிச்சயப்படுத்திக்கொள்ளச் சொன்னார். பிறகு போல்ட்டைக் கழற்றச் செய்து, குழலின் வாய் கீழே இருக்கும்படி சாய்த்து, பின்புறத்தில் ஒரு புனலைச் செருகினார். கெண்டியில் தளதளவென்று கொதித்த நீரை நிதானமாக விட்டார். 25 அங்குலத்துக்குச் சற்று அதிகமான குழல் அது. அடுத்த முனையில் நீர் முதலில் கலங்கலாகவும் பின்பு தெளிவாகவும் வந்தது. மரக்கட்டைக்குள் நீர் இறங்காதபடி வெகு ஜாக்கிரதை. பச்சைத் தண்ணீரிலும் இந்த உப்பு கரையும். ஆனால் கொதிநீர் பட்ட இரும்பு சூடேறித் தன் ஈரத்தைத் தானே உலர்த்திக்கொள்கிறது.

பிறகு, நாலு அங்குல நீளமும் இரண்டு அங்குல அகலமுமுள்ள பிளானல் துணித் துண்டைக் கயிற்றில் கோத்து, துணி வெண்மையாகவும் உலர்ந்தும் வரும் வரையில் இழுக்க வேண்டும். இந்தக் கயிறும் பித்தளை எண்ணெய்ப் புட்டியும் துப்பாக்கிக் கட்டையின் அடியிலுள்ள சிறு அறையிலேயே இருக்கின்றன. போல்ட்டின் முகத்தையும் மறக்கலாகாது. கேப்பின் எதிரில் நின்று வேட்டை வாங்குவது அதுதானே! ஈரத்துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். தானே குண்டேற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளில், மருந்தின் ஆவி செல்லும் குழாய், பிஸ்டன் முதலியவற்றுக்கும் இதே உபசாரம் உண்டு. எல்லாம் உலர்ந்த பிறகே எண்ணெய்; அதுவும் மெல்லிய பூச்சுத்தான். அடுத்த இரண்டு மூன்று நாள் குழலைத் திறந்து பார்ப்பதும் முறை.

1920-களிலேயே ஜெர்மனியில், குளோரேட் இல்லாத, துருப்பிடிக்கச் செய்யாத கேப்புகள் விற்பனைக்கு வந்துவிட்டன. ஆனால் பழைய மருந்து கிடங்கில் நெடுநாள் கெடாமலிருக்கும் என்ற நம்பிக்கையால் சேனைகள் அதை எளிதில் விடவில்லை. புனாவை அடுத்த கிர்க்கியில் செய்த திரீ நாட் திரீ தோட்டாக்களும் பழைய ரகமே. உத்தரப் பிரதேசப் போலீஸார் 2020 ஜனவரி 26-இல்தான் அந்தத் துப்பாக்கிக்கு விடை கொடுத்தார்கள். மேல்நாடுகளில் பழைய தோட்டாக்களை மலிவாக வாங்கிச் சுடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் ஜன்னல் கண்ணாடி துடைக்கும் திரவத்தைக் குழலுக்குள் விட்டு, அதிலுள்ள அம்மோனியாவைப் புகழ்கிறார்களாம். உப்பைக் கரைப்பது அதிலுள்ள தண்ணீர்தான் என்பதை யார் போய்ச் சொல்வது?

நமது துப்பாக்கியின் துருவை அன்று மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து தேய்த்து எடுத்தோம். சிவப்பு போயிற்று, பொட்டுக்கள் இருந்த இடத்தில் ஊசி குத்தினாற்போன்ற குழிகள் நின்றுவிட்டன. ஸுபேதார் நம்மைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. துப்பாக்கியின் எண்ணைத் தம் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். முகாம் முடியும் வரையில் அதைத் தோளில் சுமந்து கவாத்துப் பழகினோம். சுடுவதற்கு அதை மறுபடி நமக்குத் தரவில்லை.