திருப்பூரில் பூச்சியக் கழிவுநீர் வெளியேற்றம்

பூச்சியக் கழிவுநீர் வெளியேற்றம் என்பது, ஓர் ஆலை தான் பயன்படுத்திய நீரை ஆற்றிலோ நிலத்திலோ விடாமல், தூய்மைப்படுத்தி மீண்டும் தானே பயன்படுத்திக்கொள்ளும் முறை ஆகும். தமிழ்நாட்டின் பின்னலாடை நகரமான திருப்பூரில் உள்ள சாய, சலவைப்பட்டறைகள் 2011 ஆம் ஆண்டிற்குப் பின் இம்முறைக்கு மாறின. உள்ளூரில் இது 'ஜீரோ டிஸ்சார்ஜ்' என்றே வழங்கப்படுகிறது.

மாநில அரசொன்று தொழில்நுட்பத்தின் வழியாகப் பொருளாதாரத்தை வளர்ப்பது என்றதும், 2000 ஆம் ஆண்டில் சென்னையில் திறக்கப்பட்ட டைடல் பூங்கா போன்ற கட்டடங்களே பலருக்கும் நினைவுக்கு வரும். திருப்பூரில் நடந்தது வேறு வகையானது. இங்கு அரசின் பங்கு, ஏற்கனவே வளர்ந்துவிட்ட ஒரு தொழிலை அழியாமல் காப்பதற்குரிய தொழில்நுட்பத்தைத் தேடுவதாக அமைந்தது. அதுவும் நீதிமன்றத்தின் நெருக்குதலுக்குப் பின்னரே முழுமையாக நிகழ்ந்தது.

பின்னணி

திருப்பூர் நொய்யல் ஆற்றின் கரையில் அமைந்துள்ளது. கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் இவ்வாறு, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே ஓடிக் காவிரியில் கலக்கிறது. உள்நாட்டுச் சந்தைக்கு வெள்ளைப் பனியன் நெய்துவந்த இவ்வூர், 1980களில் வண்ண டி-சட்டைகளை ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. 1985 இல் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, 2024-25 நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயை எட்டியது. (இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் ரூபாயின் மதிப்பு வெகுவாகக் குறைந்துள்ளதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.) திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1990 இல் தொடங்கப்பட்டது.

வெள்ளைப் பனியனிலிருந்து வண்ண ஆடைக்கு மாறியதே சிக்கலின் தொடக்கம் எனலாம். வெள்ளைத் துணிக்குச் சலவை போதும். வண்ணத் துணிக்குச் சாயமும், சாயத்திற்கு உப்பும், இரண்டிற்கும் ஏராளமான நீரும் தேவை.

திருப்பூரின் தொழில் அமைப்பையும் இங்கு அறிந்துகொள்வது நன்று. பெரும்பாலான ஏற்றுமதி நிறுவனங்கள் எல்லா வேலைகளையும் தாமே செய்வதில்லை. நூல் ஓரிடத்தில் துணியாகப் பின்னப்படும், இன்னோரிடத்தில் சாயமேற்றப்படும், பிறகு காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங் எனப் பல பட்டறைகளைக் கடந்து அட்டைப்பெட்டியை அடையும். இது 'ஜாப் ஒர்க்' முறை எனப்படும். இச்சங்கிலியில் சாயப்பட்டறை ஒரு கண்ணி மட்டுமே. ஆயினும் அக்கண்ணி அறுந்தால் அதற்கு அடுத்துள்ள அனைத்தும் நின்றுவிடும்.

உப்பு ஏன் தேவைப்படுகிறது?

பருத்தியைச் சாயமேற்றப் பெரும்பாலும் வினைபடு சாயங்கள் பயன்படுத்தப்படுகின்றன. நீரில் நனைந்த பருத்தி இழையின் பரப்பு எதிர்மின் தன்மை உடையது. சாய மூலக்கூறும் எதிர்மின் தன்மை உடையதே. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். சோடியம் குளோரைடு (சாதாரண உப்பு) அல்லது சோடியம் சல்பேட்டு (கிளாபர் உப்பு) சேர்க்கும்போது இவ்விலக்கம் தணிந்து, சாயம் இழையை அணுகுகிறது. அடர்நிறங்களுக்கு லிட்டருக்கு 80 கிராம் வரை கூட உப்பு இடப்படுவதுண்டு. உப்பு இழையோடு சேர்வதில்லை என்பது முக்கியமானது. தன் வேலையை முடித்துவிட்டு, போட்ட அளவு அப்படியே கழிவுநீரில் வெளியேறுகிறது.

1990களின் பிற்பகுதியில் திருப்பூரில் எட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும், ஆலைகள் தனித்தனியே அமைத்த நிலையங்களும் ஏற்பட்டன. இவை சுண்ணாம்பு, பெர்ரசு சல்பேட்டு முதலியவற்றைக் கலந்து நிறத்தையும் கசடையும் நீக்கின. உப்பு நீரில் முற்றிலும் கரைந்திருப்பதால், அவ்வழிமுறையில் அதனை நீக்க இயலாது. நீர் பார்வைக்குத் தெளிவாயிற்று. பாசனத்திற்கு உதவாததாகவே இருந்தது. மொத்தக் கரைதிண்மம் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. சாயக்கழிவில் அது பன்மடங்கு மிகுந்திருந்தது.

ஒரு எளிய கணக்கு நிலைமையை விளக்கும். நாளொன்றுக்கு எட்டுக் கோடி லிட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 6 கிராம் உப்பு எனக் கொண்டால், ஒரு நாளில் ஆற்றில் சேரும் உப்பு 480 டன். கோடைக்காலத்தில் நொய்யலில் ஓடியது சாயக்கழிவும் நகரச் சாக்கடையும் மட்டுமே என்பதால், அதனை நீர்த்துப்போகச் செய்ய வேறு நீரும் இல்லை.

ஒரத்துப்பாளையம் அணையும் வழக்குகளும்

சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே பாசனத்திற்கென ஓர் அணை கட்டப்பட்டு 1992 இல் பயன்பாட்டிற்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவின் தேக்கமாகிவிட்டது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பாயின. அணை நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று கீழ்ப்பகுதி உழவர்களே எதிர்ப்புத் தெரிவித்தனர். பாசன அணை ஒன்றின் வரலாற்றில் இதைவிடக் கசப்பான நிலை அரிது.

ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசுபடுத்தும் ஆலைகளை அமைக்கக் கூடாது என்று தமிழ்நாடு அரசு 1989 இலேயே ஆணை பிறப்பித்திருந்தது. ஆணை இருந்தது, ஆலைகளும் இருந்தன. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் 2003 இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. 2006 டிசம்பரில் வழங்கப்பட்ட தீர்ப்பில், 2007 சூலை 31 ஆம் நாளுக்குள் பூச்சிய வெளியேற்றத்தை எட்ட வேண்டும் எனவும், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை தண்டம் செலுத்த வேண்டும் எனவும் ஆணையிடப்பட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்து மேலும் மூன்று மாத அவகாசம் அளித்தது. அதற்குப் பின்னரும் கழிவுநீர் ஓடியதால், 2011 சனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது.

ஜாப் ஒர்க் சங்கிலியின் கண்ணி அறுந்தது. ஏற்றுமதியாளர்கள் துணியை வெளியூர்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் லாரியில் அனுப்பிச் சாயமேற்றி வாங்கினர். இதனால் செலவு கூடியது, தவணை தவறியது, தொழிலாளர்கள் பலர் ஊர் திரும்பினர். அதே வேளையில் ஈரோடு, நாமக்கல், சேலம் மாவட்டங்களின் ஆற்றங்கரைகளில் அனுமதியற்ற பட்டறைகள் முளைத்ததாகச் செய்திகள் வெளிவந்தன. ஓரிடத்தில் அடைத்த மாசு வேறிடத்தில் கசிவது சுற்றுச்சூழல் சட்டங்களின் பழைய தொல்லை.

தொழில்நுட்பத் தீர்வு

கழிவுநீர் முதலில் உயிரியல் முறையில் தூய்மையாக்கப்பட்டு, நிறம் நீக்கப்பட்டு, எதிர்ச் சவ்வூடு பரவல் கருவிக்குச் செல்கிறது. அங்கு பெரும்பகுதி நீர் நன்னீராகப் பிரிகிறது. எஞ்சுவது செறிவான உப்புநீர். மூடலுக்கு முன் பின்பற்றப்பட்ட திட்டங்களில், இவ்வுப்புநீர் முழுவதையும் ஆவியாக்கிகளில் கொதிக்கவைத்து உப்பாக்க முயன்றனர். இதற்கு மிகுந்த ஆற்றல் தேவைப்பட்டதோடு, கருவிகள் அரிப்புக்கும் உப்புப் படிவுக்கும் உள்ளாகி அடிக்கடி நின்றன.

திருப்பத்தை ஏற்படுத்தியது ஓர் எளிய எண்ணமே. லிட்டருக்கு 6 கிராம் உப்புள்ள 100 லிட்டர் நீரிலிருந்து 85 லிட்டர் நன்னீரைப் பிரித்துவிட்டால், மீதி 15 லிட்டரில் 600 கிராம் உப்பு இருக்கும்; அதாவது லிட்டருக்கு 40 கிராம். சாயத்தொட்டிக்குத் தேவைப்படும் செறிவும் ஏறக்குறைய அதுதான்! ஆகவே உப்பைப் பாடுபட்டு உலர்த்தி, மீண்டும் நீரில் கரைப்பதற்குப் பதிலாக, உப்புநீரிலுள்ள நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி அப்படியே சாயத்தொட்டிக்கு அனுப்பலாம். ஆவியாக்கியின் சுமை பெரிதும் குறைகிறது. கணினி நிரலாளர்கள் தேவையற்ற உருமாற்றங்களைத் தவிர்ப்பதை இது ஒத்தது.

இம்முறையைத் தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனம் அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் செயற்படுத்திக் காட்டியது. இது தமிழ்நாடு அரசும் ஐ.எல்.எஃப்.எஸ். நிறுவனமும் இணைந்து அமைத்த கூட்டு நிறுவனம் ஆகும். இம்முறைக்கு ஏற்பச் சாதாரண உப்பிற்குப் பதிலாகச் சோடியம் சல்பேட்டைப் பயன்படுத்துவது பரவலாயிற்று. அது அரிப்பைக் குறைவாக ஏற்படுத்துவதோடு, குளிர்வித்தாலே படிகமாகப் பிரியும் இயல்புடையது. பட்டறைகளின் உள்ளேயும் மாற்றம் நிகழ்ந்தது. பழைய வின்ச் தொட்டிகளின் இடத்தைக் குறைந்த நீரில் இயங்கும் சாப்ட் புளோ இயந்திரங்கள் பிடித்தன. நீரைத் தூய்மைப்படுத்தும் செலவைத் தானே ஏற்க வேண்டியவர் நீரைக் குறைவாகவே பயன்படுத்துவார் அல்லவா?

மாநில அரசின் பங்கு

2011 மே மாதத்தில் பொறுப்பேற்ற மாநில அரசு, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனை அறிவித்தது. தொகையைக் காட்டிலும், எந்தத் தொழில்நுட்பம் செல்லும் என்பதை ஒரு நிலையத்தில் மெய்ப்பித்துக் காட்டிய பின் மற்றவற்றிற்கு விரிவாக்கியதே முதன்மையான பங்களிப்பு என்று கருத இடமுண்டு. சிறு பட்டறை உரிமையாளர் ஒருவர் சோதிக்கப்படாத முறையில் முதலிட அஞ்சுவது இயற்கை. அவ்விடரின் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொண்டது. நன்கு வகுக்கப்பட்ட சுற்றுச்சூழல் கட்டுப்பாடு புத்தாக்கத்தைத் தூண்டும் என்று அமெரிக்கப் பொருளியலாளர் மைக்கேல் போர்ட்டர் 1990களில் முன்வைத்த கருத்துக்குத் திருப்பூரை எடுத்துக்காட்டாகக் கூறலாம். எனினும் இங்கு கட்டுப்பாடு நன்கு வகுக்கப்பட்டது என்பதைவிட, இருபதாண்டுகள் தாமதமாகத் திடீரென வந்தது என்பதே பொருத்தம். பெரிய ஆலைகள் அவ்வதிர்ச்சியைத் தாங்கின. சிறிய பட்டறைகள் பல மீண்டும் திறக்கவே இல்லை.

காற்றாலைகளையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பல்லடம், உடுமலைப் பகுதிகளில் நூற்பாலைகளும் ஏற்றுமதியாளர்களும் சொந்தக் காற்றாலைகளை நிறுவியுள்ளனர். அம்மின்சாரத்தை மாநில மின்கட்டமைப்பில் செலுத்தித் தம் ஆலையில் பெற்றுக்கொள்ள அரசின் கொள்கை இடமளித்தது.

புதிய திருப்பூர் குடிநீர்த் திட்டத்துடன் முரண்

தமிழ்நாடு அரசு இதற்கு முன்பே திருப்பூரில் மற்றொரு பெரிய முயற்சியை மேற்கொண்டிருந்தது. அக்காலத்தில் சாயப்பட்டறைகள் சுற்றுவட்டாரக் கிணறுகளிலிருந்து லாரிகளில் நீர் வாங்கி வந்தன. இதற்கு மாற்றாக, 1995 இல் புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. இதில் மாநில அரசு நிறுவனம் ஒன்று, ஐ.எல்.எஃப்.எஸ்., ஏற்றுமதியாளர்கள் சங்கம் ஆகியவை பங்கேற்றன. சுமார் 1,023 கோடி ரூபாய்ச் செலவில், பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் நீரைக் கொண்டுவரும் திட்டம் 2005 இல் செயற்படத் தொடங்கியது. ஆலைகள் கூடுதல் விலையும் வீடுகள் குறைந்த விலையும் செலுத்துவது அதன் நிதி அடிப்படை.

ஆலைகள் நீரை மறுசுழற்சி செய்யத் தொடங்கியதும் அவ்வடிப்படை ஆட்டங்கண்டது. பயன்படுத்திய நீரில் பெரும்பகுதியைத் திரும்பப் பெறும் பட்டறை, ஆவியாகி இழந்த அளவை மட்டுமே புதிதாக வாங்கும். 2011 மூடலின்போது ஆலைகளுக்கான விற்பனை பெரிதும் சரிந்தது. ஒரே ஊரில் ஒரே தொழிலுக்காக அரசு ஊக்குவித்த இரு முயற்சிகளில், ஒன்றின் வெற்றி மற்றொன்றின் வருவாயைக் குறைத்தது. இரண்டையும் ஒருங்கே திட்டமிட்டிருந்தால் குழாயின் அளவே வேறாக இருந்திருக்கக் கூடும். ஆயினும் அக்குழாயின் நீர் வழியோரக் கிராமங்களுக்கும் நகர வீடுகளுக்கும் சென்றடைந்தது என்பதையும் மறுக்கவியலாது.

தீராத சிக்கல்கள்

மறுசுழற்சிக்கு ஆகும் செலவு சாயக் கூலியில் சேர்கிறது. இத்தகைய கட்டாயமில்லாத பிற நாடுகளுடனும் பிற ஊர்களுடனும் போட்டியிட வேண்டியுள்ளதாகத் திருப்பூர் சாய ஆலை உரிமையாளர்கள் கூறிவருகின்றனர். இதற்கு எதிராக, மாசுபடுத்துவோரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான 1996 ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே ஏற்றுக்கொண்டுள்ளதை உழவர் அமைப்புகள் சுட்டுகின்றன.

உப்புநீர் மறுபயன்பாடும் முற்றுப்பெற்ற தீர்வன்று. ஒவ்வொரு சுழற்சியிலும் சோடா முதலிய பிற வேதிப்பொருள்களும் சேர்வதால், இறுதியில் பயன்படுத்தவியலாத கலப்பு உப்பு ஒரு பகுதி மிஞ்சுகிறது. உயிரியல் சுத்திகரிப்பிலிருந்து வரும் கசடு சிமெண்டு ஆலைகளுக்கு அனுப்பப்படுகிறது. கலப்பு உப்பிற்கு அத்தகைய வழி எளிதில் வாய்க்கவில்லை. சோடியம் சல்பேட்டும் குளோரைடும் கலந்த அதனைத் தனித்தனியே பிரித்தால் மட்டுமே விற்க முடியும். பிரிப்பதற்கு மீண்டும் ஆற்றல் வேண்டும். ஆகவே அது மூட்டைகளாகக் கட்டப்பட்டு, மழைநீர் படாதவாறு கூரையிட்ட கிடங்குகளில் சுத்திகரிப்பு நிலைய வளாகங்களிலேயே அடுக்கி வைக்கப்படுகிறது.