மேகத்துக்குள் ஏறும் விமானமும் மன்னார்க் காற்றாலைகளும்

மன்னார்த் தீவின் தென்கரையில் வரிசையாக நிற்கும் 30 காற்றாலைகள், தம்பபவனி என்ற பெயரில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டவை. ஒவ்வொன்றிலும் இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டமே 126 மீட்டர். நுனி அதையும் தாண்டி எழும். மழைமேகத்துக்குள் எதுவும் தெரியாமல் ஏறும் விமானிக்கு, இப்படியொரு கோபுரம் எங்கே நிற்கிறது என்று யார் சொல்வது?

புறப்பாட்டு வரைபடம் சொல்லும். ஓடுபாதையின் முடிவில் 5 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 2.5 சதவீதச் சரிவில் ஏறும் ஒரு கற்பனைத் தளத்தை வரைவார்கள். எதுவும் அதைத் துளைக்காவிட்டால், விமானம் 3.3 சதவீதம், அதாவது கிலோமீட்டருக்கு 33 மீட்டர் ஏறினால் போதும். நடுவிலுள்ள 0.8 சதவீதம்தான் உயிர்காக்கும் இடைவெளி. தூரம் கூடக்கூட அதுவும் விரியும்.

மன்னாரில் பயணிகள் விமான நிலையம் இல்லை. பலாலி விமான நிலையம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. அதனால் இந்தக் காற்றாலைகள் அங்கிருந்து கிளம்பும் விமானங்களை மறிப்பதில்லை. இருந்தாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஓடுபாதை முடிந்து 3 கிலோமீட்டரில், நேர் எதிரே 126 மீட்டர்க் கோபுரம் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் கற்பனைத் தளத்தின் உயரம் 80 மீட்டர்தான். மீதி 46 மீட்டர் அதைத் துளைத்து நிற்கும்.

வளைந்து போய்விடலாமே என்று தோன்றும். ஆனால் 120 மீட்டர் ஏறும்வரை விமானம் திரும்பக் கூடாது என்பது சர்வதேச விதி. 3.3 சதவீத ஏற்றத்தில் அந்த உயரத்தை எட்ட ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர் ஆகும். கோபுரம் அதற்கு முன்பே வந்துவிடுகிறது! ஆகவே ஏற்றத்தை ஏறத்தாழ 4.8 சதவீதமாக்கி வரைபடத்தில் அச்சிட வேண்டும். பாரம் மிகுந்த விமானத்தால் அப்படி ஏற முடியாவிட்டால், எடையைக் குறைத்தே கிளம்ப வேண்டும்.

இதுவும் எல்லா இயந்திரங்களும் இயங்கும்போதுதான். ஒன்று நின்றுபோனால் எப்படித் தப்புவது என்பதை விமான நிறுவனமே தனியாகக் கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும். வரைபடத்தைப் பின்பற்றாமல் கிளம்புவதும் ஆபத்துதான். 1991 மார்ச்சில் அமெரிக்காவின் சான் டியாகோ அருகே, இத்தகைய கருவிவழிப் புறப்பாட்டைப் பின்பற்றாமல் இரவில் கண்பார்வையை நம்பிக் கிளம்பிய சிறு ஜெட் ஒன்று ஓட்டாய் மலையில் மோதியது. அதிலிருந்த பத்துப் பேரும் இறந்தனர். நல்ல வானிலைதான், இருட்டில் மலை தெரியவில்லை.

மன்னாரின் வானத்தில் பூநாரைகளும் எழுகின்றன. அங்குள்ள வங்காலை ஈரநிலம் 2010 முதல், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கிறது. மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் பறவைகளின் தங்குமிடம் அது. விமானத்துக்கு இவ்வளவு கணக்குப் போடுகிறோம். அடுத்த காற்றாலைக்கு இடம் குறிக்கும் முன், அந்தப் பறவைகள் எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் கிளம்புகின்றன என்பதையும் பல பருவங்கள் அளந்து வரைந்தாக வேண்டும்.