பாங்கிகளின் இணைப்பும் பங்குதாரர்களின் கதியும்

ஒரு கம்பெனி மற்றொன்றில் ஐக்கியமாவது இக்காலத்தில் அன்றாடச் செய்தியாகிவிட்டது. மூலதனம் பெருகும், செலவு குறையும் என்று அதற்கு நியாயம் கூறுகிறார்கள். கூறட்டும். பணம் போட்டவனின் சொல் கேட்கப்படுகிறதா என்பதே நமது கேள்வி.

கருமுத்து தியாகராஜச் செட்டியார் 1943-ம் வருஷத்தில் ஸ்தாபித்த பாங்க் ஆப் மதுரா, 2001-ல் ஐ.சி.ஐ.சி.ஐ. பாங்கியுடன் சேர்ந்தது. பங்குதாரர்கள் கூடி வாக்களித்தனர். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு பெற்றனர். பெயர் மறைந்தது, பொருள் மறையவில்லை.

லக்ஷ்மி விலாஸ் பாங்கியின் கதியோ வேறு. 1926-ல் கரூர் வர்த்தகர் எழுவர் தொடங்கிய சுதேசி ஸ்தாபனம் அது. கொடுத்த பெருங் கடன்கள் திரும்பாமல் அதன் மூலதனம் கரைந்தது. 2020 செப்டம்பர் 25-ல் பங்குதாரர்கள் விழித்தெழுந்து, ஏழு டைரக்டர்களின் நியமனத்தை நிராகரித்தனர். காலம் கடந்துவிட்டது. நவம்பர் 17-ல் மத்திய சர்க்கார் தடை விதித்தது, டெபாசிட்தாரர் ரூ. 25,000-க்கு மேல் எடுக்கலாகாதென்றது. 27-ந் தேதி பாங்கி சிங்கப்பூர் டி.பி.எஸ்.ஸின் இந்தியக் கிளை ஸ்தாபனத்துடன் இணைக்கப்பட்டது. பங்கு மூலதனம் முழுவதும் ரத்தாயிற்று.

டெபாசிட்தாரரின் பணம் காப்பாற்றப்பட்டதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். நஷ்டத்தை முதலில் ஏற்க வேண்டியவன் பங்குதாரனே என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அதே வருஷம் மார்ச்சில் யெஸ் பாங்கி காப்பாற்றப்பட்டபோது, பழைய பங்குகள் ரத்தாகவில்லை. நூறு பங்குக்கு மேல் வைத்திருந்தோர் முக்கால் பாகத்தை மூன்று வருஷம் விற்கலாகாதென்ற நிபந்தனை மட்டுமே விதிக்கப்பட்டது. பம்பாய்ப் பாங்கிக்கு ஒரு நீதி, கரூர்ப் பாங்கிக்கு ஒரு நீதியா என்று ஜனங்கள் கேட்டால் தக்க விடை வேண்டாமா?

1949-ம் வருஷத்து பாங்கிங் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45-வது பிரிவு இவ்வதிகாரத்தை அளிக்கிறது. இதில் பங்குதாரரின் வோட்டுக்கு இடமில்லை. ஆட்சேபம் தெரிவிக்கலாம், அவ்வளவே. அதற்கும் இம்முறை கொடுத்த அவகாசம் நவம்பர் 20 மாலை ஐந்து மணி வரை, அதாவது மூன்றே நாள்! வேங்கிக்காலில் சிறுகச் சேர்த்த பணத்தில் நூறு பங்கு வாங்கிய ஒருவர், செய்தியைப் படித்து, வக்கீலைக் கண்டு, மனு எழுதி அனுப்ப இது போதுமா?

அவசர காலத்தில் விரைவு அவசியமே. ஆயினும் பங்கின் மதிப்பு பூஜ்யம் என்று முடிவு செய்த கணக்கைச் சுதந்திரமான மதிப்பீட்டாளர் கொண்டு தயாரித்து, ஜனங்கள் முன் வைத்தல் சர்க்காரின் கடமை. பங்குதாரர்களுக்கும் ஒரு வார்த்தை: வருஷாந்தர அறிக்கையைப் பிரிக்காமல் பரணில் போடாதீர். வீடு எரிந்தபின் கிணறு வெட்டிப் பயனில்லை.