மூன்றாம் றிச்சாட்டின் முள்ளந்தண்டு

சேக்ஸ்பியர் மூன்றாம் றிச்சாட்டைக் கூனனாகவும் சூம்பிய கையனாகவும் நொண்டியாகவும் படைத்தார். 1485 இல் அம்மன்னனைப் போரில் வீழ்த்தி ஆட்சியைக் கைப்பற்றிய ரியூடர் வமிசத்துக்கு, அவனது கொடுமையை உடலிலேயே காட்டும் தேவை இருந்தது. அவ்வமிசத்து எலிசபெத்தின் ஆட்சியிலேயே நாடகம் எழுதப்பட்டதென்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

2012 இல் லெஸ்ரர் நகரின் வாகனத் தரிப்பிடமொன்றின் கீழ் அவனது என்புக்கூடு கண்டெடுக்கப்பட்டது. கை சூம்பியிருக்கவில்லை, நொண்டியமைக்குச் சான்றுமில்லை. காணப்பட்டது கூனன்று, முள்ளந்தண்டின் கடுமையான பக்கவளைவு: 65 முதல் 85 பாகை வரை.

கூன் முன்னோக்கிய வளைவு. பக்கவளைவிலோ முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைவதுடன் முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. அம்முறுக்கு விலா என்புகளையும் உடன் இழுக்கிறது. ஒரு தோள் உயரும், இடுப்புச் சமனிழக்கும். சட்டை ஒருபுறம் தொங்குவதைக் கண்டே பல வீடுகளில் இது அறியப்படுகிறது. வளைவு மிகுந்தால் நெஞ்சறை ஒடுங்கி, படியேறுகையில் மூச்சுவாங்கும். பெரும்பாலோரிடத்துக் காரணம் இன்னும் தெளிவாகவில்லை; புத்தகப்பையைக் குற்றஞ்சாட்டுவது (நம்மவரின் வழக்கம்) பொருந்தாது.

நல்ல தையற்காரனும் அளவெடுத்துச் செய்த கவசமும் றிச்சாட்டின் வளைவை மறைத்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளர் கருத்து. கொல்லப்பட்டபின் ஆடை களையப்பட்ட உடலே லெஸ்ரருக்குக் கொண்டுசெல்லப்பட்டது; பகைவர் அம்முதுகைக் கண்டது அன்றே எனலாம். இதே வளைவுடன் வயலில் உழைத்த குடியானவனுக்கோ மறைத்துக்கொள்ளக் கவசம் இருந்ததில்லை.