கணக்கு வராது என்று பிள்ளையை ஒதுக்கும் முன்

பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்த வாரத்தில் ஏதாவது ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில், தலைமையாசிரியர் அறை வாசலில் சற்று நேரம் நின்று பாருங்கள். மகளைக் கூட்டிக்கொண்டு வந்த தாய் தயங்கித் தயங்கிக் கேட்பார்: "என்ன குரூப் சார் கிடைக்கும்?" மதிப்பெண் பட்டியலைப் பார்த்ததுமே பதில் வந்துவிடும்: "கணக்குல நாப்பத்தி ரெண்டுதாம்மா. முதல் குரூப் கஷ்டம்." தாயும் ஒத்துக்கொள்வார்: "ஆமா சார், இவளுக்குக் கணக்கு வராது. எனக்கும் வராது." இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

வேறு குரூப் எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. விரும்பி எடுக்கிற பிள்ளைக்கு வணிகவியல் அருமையான படிப்பு. ஆனால் கணக்குக்குப் பயந்து அங்கே போகிற பிள்ளை எதையெல்லாம் இழக்கிறது என்பதை அந்த அறையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் தரவரிசைக்கான 200இல் 100 கணக்கு மதிப்பெண்தான்; இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. தேசியப் பாதுகாப்பு அகாடமி வழியாக விமானப்படைக்கோ கடற்படைக்கோ போக வேண்டுமானால் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கும் இயற்பியலும் கட்டாயம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. அவர்களுடைய படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பதினோராம் வகுப்பில் கணக்கை விட்டுவிட்ட பிள்ளைக்குப் பொறியியலில் அந்த ஒதுக்கீடு இருந்தும் பயனில்லை.

அந்த நாற்பத்திரண்டு எங்கிருந்து வந்தது? பத்தாம் வகுப்பில் வந்ததல்ல. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது மூன்றாம் வகுப்பில் இருந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் மறுபடி திறந்தன. நாலாம் வகுப்பு முழுவதும், ஐந்தாம் வகுப்பில் பாதியும் வகுப்பறையைப் பார்க்காமலே போய்விட்டன. பெரிய எண்களை வகுப்பதும் பின்னமும் மனத்தில் படிய வேண்டிய வயது அது. இழப்பை ஈடுகட்ட 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது அது முதல் மூன்று வகுப்புகளுக்கு மட்டும். நம் பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போயிருந்தது. 2026-27இல் அது பத்தாம் வகுப்பில் உட்காரும். பின்னமே பிடிபடாத பிள்ளைக்கு இயற்கணிதம் எப்படிப் புரியும்? மூளையில் எந்தக் குறையும் இல்லை. பாடம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

கணக்கு என்றால் வேலைக்குப் போகிறவனுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். தெருவுக்குத் தெரு தண்டல் நடக்கிறது. பத்தாயிரம் கடன் கேட்டால் 1,500 பிடித்துக்கொண்டு 8,500ஐக் கையில் கொடுப்பார்கள். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வாங்குகிறவர் 15 விழுக்காடு வட்டி என்று நினைத்துக்கொள்கிறார். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே வருகிறது. முழுத் தொகை நூறு நாளும் கையில் இருப்பதில்லை. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 விழுக்காடு வருகிறது. இதைத் தன் வீட்டுத் திண்ணையில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டக்கூடிய பெண் அந்தக் குடும்பத்துக்கே காவல்.

அறிவியலும் அப்படித்தான். பாழுங்கிணற்றில் இறங்கும் முன் விளக்கை ஏற்றி இறக்கிப் பார்ப்பது நம் ஊர்களின் பழைய வழக்கம்; அணைந்தால் உள்ளே மூச்சுவிடக் காற்று இல்லை. அதே விளக்கைக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்கினால் அங்கே தேங்கியிருக்கும் மீத்தேன் தீப்பற்றி வெடிக்கலாம். விளக்கு அணையாமல் இருந்தாலும் நச்சு வாயு இல்லை என்று அர்த்தமில்லை. வழக்கத்தை மட்டும் அறிந்தவர் இங்கே உயிரை விடுகிறார். காரணத்தைப் படித்தவர் தொட்டிக்குள் இறங்கவே மாட்டார்.

இந்தக் காரண அறிவு ஆய்வகத்தில்தான் வர வேண்டும். பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் ஒதுக்கியிருப்பதும் அதற்காகத்தான். பூட்டிய ஆய்வகத்திலிருந்து அந்த 25ஐயும் அள்ளிக் கொடுக்கிற பள்ளி பிள்ளைக்கு நல்லது செய்வதாக நினைக்கிறது. உண்மையில் அது பிள்ளையை ஏமாற்றுகிறது. பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், "இந்த மாசம் லேப்ல கையால என்ன செஞ்ச?" என்று கேளுங்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பள்ளியில் அறிவியலுக்கும் கணக்கிற்கும் ஓர் ஆசிரியராவது இருந்தே ஆக வேண்டும் என்கிறது. ஆசிரியர் பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் கணித்து, தேவைப்படுகிறவருக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியரின் கடமை. 24ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. வாய்ப்பாடு ஒப்பிக்காததற்காக அடிப்பதையும் எல்லார் முன்னாலும் 'மக்கு' என்று அவமானப்படுத்துவதையும் 17ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் இந்தச் சட்டம் பதினான்கு வயது வரைதான். அதனால் எட்டாம் வகுப்பு முடிவதற்குள் கேட்டுவிட வேண்டும்.

எங்கே கேட்பது? முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவில். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். அங்கே தீராவிட்டால் 14417 என்ற கல்வி உதவி எண். ஆசிரியர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை, எவ்வளவு நாளாகக் காலி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கிராம சபையில் தீர்மானம் கேளுங்கள். உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுத்தால் மூன்று மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும்; முடிவில் நிறைவில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். வாயால் சொன்ன புகார் நிற்காது. எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

கூடவே, எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி, திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வை எழுத வையுங்கள். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் போகிற பிள்ளைக்கும் வழி உண்டு; பட்டயம் முடித்ததும் பொறியியலின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஒருநாள் கூலி போனாலும் போங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பின்னம் தெரியும் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.