‘நல்லதாம்’, ‘கூடாதாம்’



க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகிவிட்டால், அடுத்து வரும் சில வாரங்களுக்கு நமது ஊர்களில் வேறு பேச்சு இராது. ஞாயிறு திருப்பலி முடிந்த ஆலய முற்றத்திலும், பேருந்துத் தரிப்பிடத்திலும், மரண வீட்டின் பந்தலிலுங்கூட, பிள்ளையைப் பெற்ற இருவர் சந்தித்துக்கொண்டால் உரையாடல் அங்கேதான் போய் நிற்கும். “மகளுக்கு எது கிடைக்கும் போலிருக்கிறது?” “மகனை எங்கே அனுப்பப் போகிறீர்கள்?” என்று தொடங்கும் பேச்சில், சற்று நேரத்தில் செய்திகள் கைமாறத் தொடங்கும். “அந்தப் பல்கலைக்கழகத்தில் பகிடிவதை அதிகமாம்.” “இந்தப் பீடத்தில் படித்தால் உடனே வேலையாம்.” “அங்கே விரிவுரையாளர்களே போதாதாம்.” “இந்தத் தனியார் நிறுவனத்தின் பட்டம் வெளிநாட்டிலும் செல்லுமாம்.”

இவ்வாக்கியங்கள் அனைத்தும் ‘ஆம்’ என்று முடிவதைக் கவனித்தீர்களா? நமது தாய்மொழி எவ்வளவு நேர்மையானது! நான் கண்டதன்று, பிறர் சொல்லக் கேட்டதே என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்வதற்கு ஒரு சிறு விகுதியையே அது நமக்குத் தந்திருக்கிறது. ஆனால், செய்தி இரண்டாவது வாயைக் கடந்து மூன்றாவது வாய்க்குச் செல்லும்போது அந்த ‘ஆம்’ உதிர்ந்துவிடுகிறது. ‘அதிகமாம்’ என்பது ‘அதிகம்’ ஆகிறது. ‘செல்லுமாம்’ என்பது ‘செல்லும்’ ஆகிறது. முடிவில், யாரும் நேரிற் கண்டிராத ஒன்று ஒரு பிள்ளையின் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் முதலாம் தெரிவாகவும் இரண்டாம் தெரிவாகவும் வந்து அமர்ந்துவிடுகிறது.

பெற்றோர் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வது தவறென்று எண்ணிவிட வேண்டாம். தலைமுறையில் முதன்முதலாக ஒரு பிள்ளை பல்கலைக்கழக வாசலை மிதிக்கப்போகும் மீனவக் குடும்பமும், தோட்டத் தொழிலாளர் குடும்பமும் வேறு யாரைப் போய்க் கேட்கும்? அயலவர் சொல்லும் ஒரு நல்ல தகவல் அவர்களுக்குப் பெரும் செல்வம். கேட்பதில் தவறில்லை, கேட்டதோடு நின்றுவிடுவதிலேதான் ஆபத்து இருக்கிறது.

யோவான் நற்செய்தியின் முதலாம் அதிகாரத்தில் நத்தனியேல் என்னும் மனிதரைச் சந்திக்கிறோம். மெசியாவைக் கண்டுகொண்டோம், அவர் நாசரேத்தூர் இயேசு என்று பிலிப்பு வந்து சொன்னபோது, நாசரேத்திலிருந்து நல்லது ஏதும் வர முடியுமா என்று அவர் ஐயுற்றார். இந்த நத்தனியேல் எந்த ஊரவர் என்பதை அதே நற்செய்தியின் இறுதி அதிகாரம் கூறுகிறது. அவர் கலிலேயாவிலுள்ள கானாவைச் சேர்ந்தவர். கானா, நாசரேத்திலிருந்து தொலைதூரத்தில் இருந்த ஊரன்று. அதாவது, நாசரேத்தைப் பற்றி இழிவாகப் பேசியவர் எருசலேமின் பெரிய மனிதரல்லர், பக்கத்து ஊர்க்காரர்! பிலிப்பு அவரோடு வாதாடவில்லை. நாசரேத்தின் பெருமைகளைப் பட்டியலிடவும் இல்லை. நீரே நேரில் வந்து பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் அழைத்தார். நத்தனியேலும் எழுந்து சென்றார்.

நம்மிடையேயும் இத்தகைய நாசரேத்துகள் பல உள்ளன. “வவுனியாவில் என்ன இருக்கிறது?” என்கிறார் ஒருவர். “வந்தாறுமூலைக்கா அனுப்பப் போகிறீர்கள்?” என்கிறார் மற்றொருவர். வட பகுதியினர் கிழக்கைப் பற்றியும், கிழக்குப் பகுதியினர் வடக்கைப் பற்றியும், மலையகத்தவர் இரண்டைப் பற்றியும் இவ்வாறே கேள்விப்பட்டதைப் பேசிக்கொள்கிறார்கள். இன்று பலரும் விரும்பிக் கேட்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974ஆம் ஆண்டில் ஒரு வளாகமாகவே தொடங்கியது. வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பித்த நிறுவனம் 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. யாழ்ப்பாணத்தின் வளாகமாக இருந்த வவுனியா 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய ஐயத்திற்கு ஆளான நாசரேத்தாகவே இருந்திருக்கும்.

எல்லா நிறுவனங்களும் எல்லாத் துறையிலும் ஒரே தரத்தன என்பது இதன் பொருளன்று. நத்தனியேல் ஐயுற்றதற்காக இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மாறாக, கபடற்ற மனிதர் என்று பாராட்டினார். ஐயப்படலாம்; ஆனால் எழுந்து சென்று பார்க்கும் மனமும் வேண்டும். அப்படியானால், பெற்றோராகிய நீங்கள் சென்று பார்க்க வேண்டியவை எவை?

முதலாவது, அனுமதியின் விதிமுறை. “அவருடைய மகளுக்கு இவ்வளவு புள்ளிக்குக் கிடைத்ததாம், நமது மகனுக்கு ஏன் கிடைக்காது?” என்னும் மனத்தாங்கல் ஆண்டுதோறும் பல வீடுகளில் எழுகிறது. பல்கலைக்கழக அனுமதிக்கு 2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளி முறை நடைமுறையில் உள்ளது. அவ்வாண்டில் அப்பாடத்திற்குத் தோற்றியோரின் சராசரியிலிருந்து ஒரு மாணவர் எவ்வளவு தூரம் மேலே நிற்கிறார் என்பதையே அது காட்டுகிறது. விஞ்ஞான, கணித, வர்த்தகத் துறைகளின் பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதமானவை மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 வீதமானவை மன்னார், முல்லைத்தீவு, மட்டக்களப்பு, நுவரெலியா போன்ற கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. ஆகவே, வேறொரு மாவட்டத்துப் பிள்ளையின் புள்ளியோ, கடந்த ஆண்டின் வெட்டுப்புள்ளியோ உங்கள் பிள்ளைக்கு அளவுகோலாகாது.

இன்னொன்றையும் மனத்திற் கொள்ளுங்கள். வெட்டுப்புள்ளி என்பது கடைசியாக இடம் பெற்ற மாணவரின் புள்ளியே. எத்தனை இடங்கள் இருந்தன, எத்தனை பேர் விரும்பினர் என்பதைத்தான் அது சொல்லுகிறது. அங்கே கற்பித்தல் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அது சொல்லுவதில்லை. வெட்டுப்புள்ளி குறைந்த பீடம் தாழ்ந்த பீடம் என்று முடிவு செய்வது, மக்கள் கூட்டத்தை வைத்து ஆலயத்தின் புனிதத்தை அளப்பதற்கு ஒப்பாகும்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் மாணவர் கைந்நூலில் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் உரிய பாடத் தகைமைகள் தரப்பட்டுள்ளன. பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக அமர்ந்து ஒரு மாலைப்பொழுதை அந்நூலோடு செலவிட்டால், பத்து அயலவரிடம் கேட்டாலும் கிடைக்காத தெளிவு கிடைக்கும். தெரிவுகளின் வரிசையைப் பிள்ளையின் உண்மையான விருப்பத்தின்படியே அமையுங்கள். பதிவு செய்துகொண்ட பின்னர் இன்னொரு கற்கைநெறிக்கு மாறுவது எளிதன்று.

இரண்டாவது, பணமும் பட்டமும். பல்கலைக்கழகத்திற்குத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கிறது. எஞ்சிய மூவரின் பெற்றோரே ‘ஆம்’ என்று முடியும் செய்திகளுக்கு மிக எளிதில் இரையாகின்றனர். காணியை ஈடு வைத்தும், தாலிக்கொடியை அடகு வைத்தும் பணம் கட்டுவதற்கு முன்னர் சில கேள்விகளைக் கேட்டே ஆகவேண்டும். பட்டத்தை உண்மையில் வழங்கும் நிறுவனம் எது? இலங்கை நிறுவனமாயின், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ்ப் பட்டம் வழங்கும் அங்கீகாரம் அதற்கு உண்டா? எந்தக் கற்கைநெறிக்கு அந்த அங்கீகாரம்? வெளிநாட்டு நிறுவனமாயின், அதன் சொந்த நாட்டிலேயே அது அங்கீகரிக்கப்பட்டதா? இறுதியாண்டு வரைக்குமான மொத்தச் செலவு எவ்வளவு?

வெளிநாட்டில் மருத்துவம் கற்று வரும் பிள்ளை, இங்கே பணியாற்றுவதற்கு இலங்கை மருத்துவ சபையின் பரீட்சையிற் சித்தியடைய வேண்டும். சட்டப் பட்டம் பெற்றவரும் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளைக் கடந்த பின்னரே சட்டத்தரணியாக முடியும். இவற்றை முற்பணம் கட்டிய பின்னர் அறிந்துகொள்வதால் பயனில்லை.

வேறு வாசல்களும் திறந்தே உள்ளன. கோப்பாயிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் பத்தனையிலும் தேசிய கல்வியியற் கல்லூரிகள் ஆசிரியர்களை உருவாக்குகின்றன. உயர் தொழில்நுட்பவியல் நிறுவனங்கள் உயர் தேசிய டிப்ளோமா வழங்குகின்றன. 1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகம், தொழில் செய்துகொண்டே பட்டம் பெற வழி செய்கிறது. இவ்வாசல்களைப் பற்றி ஊர்ப்பேச்சில் அதிகம் கேட்பதில்லை. பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாதென்று நாமே அவற்றை ஒதுக்கிவிடுகிறோம்.

இங்கேதான் மூன்றாவது கேள்வி எழுகிறது. யாருக்காக இவ்வளவு விசாரிக்கிறோம்? மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில், செபதேயுவின் மனைவி தம் இரு புதல்வரையும் அழைத்துக்கொண்டு இயேசுவிடம் வருகிறார். அவருடைய அரசில் ஒரு மகனுக்கு வலப்பக்கமும் மற்ற மகனுக்கு இடப்பக்கமும் இடம் வேண்டுமென்று கேட்கிறார். பிள்ளைகளுக்கு நல்ல இடம் தேடும் எல்லாத் தாய்மாரையும் அவரிடத்திற் காணலாம். இயேசு அத்தாயைத் துரத்திவிடவில்லை. ஆனால், தாம் பருகவிருக்கும் துன்பக் கிண்ணத்தில் அவர்களாற் பருக முடியுமா என்று புதல்வரிடமே கேட்டார். விடையும் தாயிடமிருந்து வரவில்லை, புதல்வரிடமிருந்தே வந்தது. இடத்தைக் கேட்டவர் தாய். சுமக்க வேண்டியவர்களோ பிள்ளைகள். ஆகவே அவர்களிடம் கேட்டார்.

பெற்றோரே, நான்கு ஆண்டுகள் அந்த விரிவுரை மண்டபத்தில் அமரப்போவது உங்கள் பிள்ளை. ஊரில் எத்தனையோ பேரிடம் விசாரித்தீர்கள். வீட்டில் இருக்கும் அப்பிள்ளையிடம் விசாரித்தீர்களா? “உனக்கு எதிலே விருப்பம்? எதற்கு அஞ்சுகிறாய்? உன்னால் இயலுமா?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தீர்களா? பத்துப் பேர் பாராட்டும் கற்கைநெறியில் விருப்பமின்றிச் சேர்ந்து, இரண்டாம் ஆண்டிலேயே மனமுடைந்து போகும் பிள்ளைகள் உண்டு. அப்பிள்ளைகள் வாய் திறந்து சொல்லாததற்குக் காரணம், சொன்னால் வீட்டின் மானம் போய்விடும் என்ற அச்சமே.

அனுப்பிவைத்ததோடு பெற்றோரின் கடமை முடிந்துவிடுவதும் இல்லை. சாமுவேலைச் சீலோவிலிருந்த ஆண்டவரின் இல்லத்தில் ஒப்படைத்த அன்னா, ஆண்டுதோறும் அவனுக்கென ஒரு சிறிய மேலாடை தைத்து எடுத்துச் சென்றாள் என்று மறைநூல் கூறுகிறது. அவன் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று எண்ணி எண்ணித் தைத்திருப்பாள் அல்லவா? பகிடிவதையைப் பற்றிய அச்சம் வெறும் வதந்தியன்று. அதனாலேயே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டு, அது தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. ஆயினும், சட்டத்தைவிட விரைவாகப் பிள்ளைக்கு உதவுவது, “என்ன நடந்தாலும் வீட்டில் சொல்லலாம்” என்ற நம்பிக்கைதான். அந்நம்பிக்கையை விடுதிக்குக் கொண்டுபோகும் பெட்டியில் முதலில் வைத்து அனுப்புங்கள். முதல் மாதத்திலேயே ஒருமுறை சென்று பாருங்கள். அப்போது பிள்ளையின் முகமே உங்களுக்கு நம்பகமான செய்தியைத் தரும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை படித்து வெளியேறிவிட்டால், நீங்கள் நேரிற் கண்டறிந்தவர் ஆகிவிடுகிறீர்கள். அடுத்த ஆண்டு உங்களிடம் வந்து கேட்கவிருக்கும் தாய்க்கு, அந்த நகரத்தின் பெயரைத் தவிர வேறெதுவும் தெரியாதிருக்கலாம். அவருக்குப் பெருமையும் பேசாமல், பயமுறுத்தவும் செய்யாமல், உண்மையைச் சொல்லுங்கள். விடுதி இப்படி இருந்தது, மாதச் செலவு இவ்வளவு ஆனது, இந்த இடத்தில் எங்கள் பிள்ளை துன்பப்பட்டது, இந்த விரிவுரையாளர் கை கொடுத்தார் என்று விவரியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இயலுமானால், ஒரு நாள் ஒதுக்கி அந்தத் தாயையும் பிள்ளையையும் அழைத்துச் சென்று காட்டுங்கள். பிலிப்பு நத்தனியேலுக்குச் செய்த உதவி அதுதான். அவர் தம் நண்பருக்காக முடிவெடுக்கவில்லை. முடிவெடுக்க வேண்டிய இடம் வரைக்கும் உடன் நடந்து சென்றார்.